செவ்வாயும் வியாழனும்

என் அலுமாரியில் இருபத்தாறு டயறிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் அவள் வருகிறாள். ஓரிடத்திலும் பெயர் இல்லை. 'மற்றக் கிளினிக்' என்றுதான் எழுதியிருக்கிறேன். "மற்றக் கிளினிக் இன்றைக்குப் பச்சைச் சேலை." "மற்றக் கிளினிக் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்."

வேலணையில் ஒரு டொக்டரின் பின்னேரக் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக நம்பர் கொடுக்கிறேன். வருகிறவரின் பெயரைக் கொப்பியில் எழுதி, நம்பர் துண்டைக் கையில் கொடுத்து, முறைப்படி உள்ளே அனுப்புவது என் வேலை. அவள் அதே வேலையைச் சந்திக்கு அங்கால் இன்னொரு டொக்டரிடம் செய்தாள். என்னிலும் எட்டு வயது இளையவள். இரண்டு மணி இருபதுக்கு வரும் பஸ்ஸில் அவள் அல்லைப்பிட்டியில் ஏறுவாள், நான் மண்கும்பானில் ஏறுவேன். சந்தியில் இருவரும் இறங்குவோம். நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். அந்த வலப்பக்க றோட்டில் நான் போனதே இல்லை. போக ஒரு தேவையும் இருக்கவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பஸ்ஸில் யாராவது எக்ஸ்றே உறையோடு, அல்லது பழைய மருந்துத் துண்டுகள் பிதுங்கும் பையோடு ஏறினால் விடமாட்டாள். ஒரு நாள் முன்சீற்றில் ஒரு வயதான ஐயா இருந்தார்.

"ஐயா, டொக்டரிட்டையோ போறியள்?"

"ஓம் பிள்ளை."

"ஆர் இடம் சொன்னது?"

"மகள். பாரிசிலை இருக்கிறாள். போனிலை பாத்துச் சொன்னவள்."

"என்ன எண்டு தேடினவ?"

"அது எனக்கென்னண்டு தெரியும்?"

"ஒருக்கால் கேட்டுச் சொல்லுறியளோ? அங்கை இப்ப விடிஞ்சு கனநேரம்."

அந்த மனுசன் உண்மையாகவே போன் எடுத்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் காது கொடுத்தார்கள். வேலணை டொக்டர், கால் வீக்கம், படி ஏறத் தேவையில்லாத இடம். மகள் தேடியது அவ்வளவுதான். அவள் அதை பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நடத்துநர் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, ரிக்கற்றுக்கு மேலை ரிக்கற் அடிக்கிறியளோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள், தங்கள் கிளினிக் வாசற்படியைப் படம் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறாளாம். போனில் டொக்டர் என்று தேடினால் வரைபடத்தோடு கிளினிக்குகளின் பட்டியல் வருமே, அதில் ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் சொன்னாள்.

"படியின்ரை உயரம் வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளைக்கு என்னண்டு தெரியும் அக்கா? அதுதான் பக்கத்திலை என்ரை செருப்பை நிமித்தி வைச்சு எடுத்தனான்."

"செருப்பையோ? டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவர் பாத்திட்டு, செருப்பைக் கழுவிப்போட்டு எடுத்திருக்கலாம் எண்டார்."

எங்கள் பக்கத்தை நான் செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. டொக்டரின் கடிதத் தலைப்பில் உள்ளபடி பெயர், பட்டங்கள், முகவரி, எல்லாம் இங்கிலீசில். மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. படமாக டொக்டரின் சான்றிதழ்கள் நான்கையும் சட்டத்தோடு போட்டிருந்தேன். ஆனாலும் யாராவது வேலணை டொக்டர் என்று தேடினால் முதலில் வருவது அவர்களுடையது. எங்களுடையது நாலாவது, சில நாள் ஐந்தாவது. நடுவில் ஊர்காவற்றுறையில் உள்ள ஒரு மிருக வைத்தியர்கூட வந்தார்.

"நீங்கள் அதிலை என்ன வருத்தம் எண்டு போட்டிருக்கிறியள்?" என்று அவள் ஒரு முறை கேட்டாள்.

"சுவாச நோய்கள், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம்." இங்கிலீசில் போட்டிருந்ததை நான் தமிழில் சொன்னேன்.

"எங்கடை சனம் ஆர் அக்கா அப்பிடித் தேடுது? நான் முட்டு, சீனி, பிறஷர் எண்டு போட்டனான். திருக்கை முள்ளு குத்தினாலும் பாப்பம் எண்டும் போட்டனான். அண்ணை ஆக்கள் கடலுக்குப் போறவை, அவையளைக் கேட்டுத்தான் எழுதினது."

அவளிடம் எனக்கு ஏலாத குணம் இதுதான். ஒளிக்கமாட்டாள். கேட்காமலே எல்லாவற்றையும் அவிழ்த்து வைப்பாள். கள்ளமாகச் செய்திருந்தால் நான் அவளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

வரைபடப் புள்ளி விசயமும் அப்படித்தான். நான் காணியின் உறுதிப் பத்திரத்தை எடுத்து வைத்துப் பார்த்து, வளவின் சரியான நடுவில் எங்கள் புள்ளியைக் குத்தியிருந்தேன். புதிதாக வருகிறவர்கள் ஏனோ பின்னொழுங்கையால் வந்து, வேலிக்கு அங்கால் நின்று கூப்பிடுவார்கள். எனக்கு அவர்களில் கோபம் வரும்.

"அக்கா, உங்கடை மெப்பிலை புள்ளி வீட்டுக்கு நடுவிலை நிக்குது," என்றாள் அவள். "அது சனத்தைப் பின்பக்கத்தாலை கொண்டுபோகுது. முன் கேற்றிலை வையுங்கோ."

"உறுதிப்படி அதுதான் சரியான இடம்."

"இடம் சரி அக்கா. வழிதான் பிழை. நாங்கள் இருக்கிற இடத்தைச் சொல்லி என்ன, அவையள் வாற வழியை எல்லோ சொல்லவேணும்."

நான் நாலு மாதம் மாற்றவில்லை. பிறகு மாற்றினேன். அன்றைய டயறியில் இப்படி இருக்கிறது: "யோசித்துப் பார்த்து, புள்ளியைக் கேற்றுக்கு மாற்றினேன்." யார் யோசித்தது என்று எழுதவில்லை.

அவர்களுடைய பக்கத்தை நான் ஒருபோதும் திறந்து பார்க்கவில்லை. பட்டியலில் எத்தனையாவது, எத்தனை நட்சத்திரம் என்பதை ஒவ்வொரு நாளும் ஒன்றே முக்காலுக்கு, பஸ்ஸுக்கு வெளிக்கிட முன் பார்த்து எழுதுவேன். அதற்குமேல் விரலை வைக்கமாட்டேன். மாதக் கடைசியில் எத்தனை பேர் தங்கள் பக்கத்தைத் திறந்தார்கள் என்று தனக்கு வருமென்று அவள் சொல்லியிருந்தாள். அந்த எண்ணிக்கையில் ஒன்றாக நான் இருக்க விரும்பவில்லை.

புதன்கிழமைகளில் எங்கள் டொக்டர் வரமாட்டார். நான் மட்டும் போய்க் கொப்பிகளை அடுக்கி வைப்பேன். அப்படியொரு புதன்கிழமை நாலரை மணிக்கு ஒரு தாய் ஓட்டோவில் வந்து இறங்கினாள். மடத்துவெளியில் இருந்து வருவதாகச் சொன்னாள். மடியில் ஐந்து வயதுப் பிள்ளை, நெஞ்சு ஏறி இறங்குகிறது.

"டொக்டர் இல்லையோ?"

"புதன் பூட்டு. பலகையிலை எழுதியிருக்கு."

"வேறை டொக்டர் ஆரும் கிட்ட இருக்கினமோ அக்கா? முட்டு. காலமை துவங்கினது."

சந்திக்கு வலப்பக்கம், ஐந்து நிமிடம். நான் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ," என்றேன். பெரியாஸ்பத்திரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஓட்டோ திரும்பிப் போகும் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம். டயறியில் எழுதியிருப்பது, "4.30. ஒருவர் வந்தார். பூட்டு என்று சொன்னேன்."

மறுநாள் பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். வியாழன் அவர்களுடைய டொக்டர் இல்லாத நாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவருக்குச் செவ்வாயும் வியாழனும் முறை. ஆனாலும் அவள் போவாள், மருந்து அலுமாரி துடைக்க.

"நேற்று மடத்துவெளியிலை இருந்து ஒரு பிள்ளையைக் கொண்டு வந்தவை," என்றாள். "நல்ல முட்டு. ஓட்டோக்காரத் தம்பி சந்தியிலை நிண்டு போனிலை தேடிப் பாத்துக் கொண்டந்தவர். மருந்துப் புகை பிடிச்சு, ஏழு மணிபோலை பிள்ளை பிஸ்கற் கேட்டுது."

பிறகு ரிக்கற்றை மடித்துப் பையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தாய் முதலில் எங்கே போனாள் என்று இவளுக்குச் சொல்லியிருப்பாளா? ஐந்து டயறியையும் புரட்டினாலும் இதற்குப் பதில் கிடையாது.

அந்த ஆவணியில் எங்கள் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் இருந்து காரில் வந்துபோகிறவர்.

"மனுசி ஒவ்வொரு நாளும் சண்டை. பத்துப் பேரைப் பாக்க என்னத்துக்குப் பண்ணைப் பாலம் தாண்டிப் போறியள் எண்டு கேக்கிறா. தைப்பொங்கல் வரைக்கும் பாப்பம். நாளுக்குப் பதினைஞ்சு பேர் வராட்டில், இஞ்சத்தைக் கேற்றைப் பூட்டுவம். நீர் என்ன சொல்லுறீர்?"

"வருவினம் டொக்டர்," என்றேன். ஐம்பத்தொரு வயதில் நான் வேறு எங்கே போய் நம்பர் கொடுப்பது?

அன்றே ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணைக்குச் சொன்னேன். அவர் அங்கே எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். எங்கள் டொக்டரின் பக்கத்தில் நல்லதாக நாலு வரி எழுதி ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். அண்ணை எதையும் சிறிதாகச் செய்யமாட்டார். ஐப்பசித் தொடக்கத்தில் நடந்த சங்கத்தின் ஒன்றுகூடலில், சாப்பாட்டுக்கு முன், ஒலிவாங்கியில் அறிவித்துவிட்டார். போட்டவர்கள்தான் முதலில் பந்திக்குப் போகலாம் என்றும் சொன்னாராம். ஒரே மண்டபத்தில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அறுபத்திரண்டு பேர் போட்டார்கள். எங்கள் கிளினிக்கில் காலடி வைத்தவர் அவர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவர், "டொக்டரும் நானும் ஒரே வகுப்பு, கணக்கில் அவர் என்னைப் பார்த்துத்தான் எழுதினவர்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் தன் காணி வேலியைத் தள்ளிப் போட்டவனைத் திட்டி முடித்து, கடைசியில் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

அறுபத்திரண்டையும் கொப்பியில் பதிந்தேன். அன்று நாங்கள் பட்டியலில் முதலாவது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் நானாகவே போய் இருந்தேன்.

"ஓ, கண்டனான் அக்கா," என்றாள். முகம் சரியாக இல்லை. "எல்லாரும் ஒரே நேரத்திலை போட்டவையோ?"

"ஏன், உமக்கு அதிலை என்ன?"

"இல்லை, எனக்கொண்டும் இல்லை. அப்பிடி ஒரேயடியாப் போட்டால், பொய்யாக்கும் எண்டு நினைச்சுப் பக்கத்தை மறிச்சுப்போடுவாங்கள். எங்களிட்டை நான் ஆக்கள் வெளிக்கிடேக்கை ஒவ்வொருத்தராத்தான் கேக்கிறனான். குறை இருந்தாலும் எழுதுங்கோ எண்டுவன். ஒராள், ஆக்கள் இருக்கிற வாங்கு ஆடுதெண்டு எழுதினவர். அதுக்குக் கீழை, வாங்குக்கு ஆப்பு வைச்சாச்சு, வந்து இருந்து பாருங்கோ எண்டு பதில் போட்டனான்."

எரிச்சலில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எங்கள் பக்கமே இல்லை. இடைநிறுத்தப்பட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது. டொக்டருக்கு நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காததை அன்று திமிர் என்று எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு, கேற்றின் படம், பெயர்ப் பலகையின் படம் எல்லாம் அனுப்பி, ஐப்பசிக் கடைசியில் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். நட்சத்திரம் ஒன்றும் இல்லை. பட்டியலில் மிருக வைத்தியருக்கும் கீழே. ஆனால் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கார்த்திகையில் வாரத்துக்கு எழுபது. மார்கழியில் எண்பத்திரண்டு. எனக்கே நம்ப ஏலவில்லை. என் படங்களும் என் கடிதமும்தான் காரணம் என்று முடிவு கட்டினேன்.

பொங்கலுக்கு மூன்று நாள் முன் டொக்டர் கொப்பியைப் பார்த்தார். ஐந்து நாளுக்கு எண்பத்தாறு.

"உம்மடை வேலைதான் இது," என்றார். "நீர் இல்லாட்டில் பூட்டியிருப்பன்."

"என்னாலை ஏலுமானதைச் செய்தனான் டொக்டர்," என்றேன். அன்று பஸ்ஸில் அவள் எப்போதும்போல நீட்டிய மண்டை வெல்லத்தை வாங்கித் தின்றேன். அது முதல் தடவை.

அவள் சித்திரை முடியப் புருசனின் வேலையோடு மன்னாருக்குப் போய்விட்டாள். கடைசி நாள் சந்தியில் இறங்கியபோது என் கையைப் பிடித்தாள்.

"எங்கடை பக்கத்தை இனிப் புதுசா வாற பிள்ளை பாக்கும் அக்கா. செவ்வாய் வியாழன் விசயத்தை அவவுக்குச் சொல்லியிருக்கிறன், மாத்தக்கூடாதெண்டு."

அவர்களுடைய டொக்டரின் முறை நாளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "ஓம், ஓம்," என்று கையை எடுத்துக்கொண்டேன். அவள் போன பிறகு பஸ்ஸில் இடம் தாராளமாகக் கிடைத்தது. நான் அவளுடைய சீற்றில் இருந்தேன். மூன்றாம் வாரம், எக்ஸ்றே உறையோடு ஏறிய ஒரு பெண்ணைப் பார்த்து, "என்ன எண்டு தேடினனீங்கள்?" என்று என் வாயே கேட்டது.

கேள்வி என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிளினிக்கிலும் கேட்கத் தொடங்கினேன். ஆனி மாதத்தில் ஒரு வியாழன், நயினாதீவில் இருந்து ஒரு ஐயா வந்தார்.

"என்ன எண்டு தேடினது ஐயா?"

"நான் தேடேல்லை. மகன் லண்டனிலை இருந்து அனுப்பினவன். இந்தா."

போனை நீட்டினார். மகன் படம்பிடித்து அனுப்பியிருந்தது மற்றக் கிளினிக்கின் பக்கம். அதில் இப்படி இருந்தது:

"செவ்வாய், வியாழன் எங்கள் டொக்டர் இல்லை. அந்த நாட்களில் வருத்தத்தோடு காத்திருக்க வேண்டாம். சந்தியில் இறங்கி இடப்பக்கம் வாருங்கள். தபாற்கந்தோர் தாண்டி நீலக் கேற். பின்னொழுங்கையால் போகாதீர்கள். அங்கே அனுபவமான டொக்டர் இருக்கிறார். நம்பர் தருகிற அக்கா மிகவும் கவனமானவர். வந்தவரைத் திருப்பி அனுப்பமாட்டார்."

அது எப்போது போடப்பட்டது என்பதும் கீழே இருந்தது. ஐப்பசியில், எங்கள் பக்கம் மறிக்கப்பட்டு நாலாம் நாள்.

ஐயா போனைத் திரும்பக் கேட்டார். அவருக்குப் பன்னிரண்டாம் நம்பர் கொடுத்தேன்.

அன்று வீட்டில் டயறிகளை எடுத்து, கார்த்திகையில் இருந்து நாள்வாரியாகப் பிரித்து எழுதினேன். மார்கழியில் ஒரு வாரம்: திங்கள் பதினொன்று, வெள்ளி பத்து, சனி பன்னிரண்டு. செவ்வாய் இருபத்தைந்து, வியாழன் இருபத்துநாலு. மற்ற வாரங்களும் அப்படியே. எல்லாம் என் கையெழுத்து. நான் வாரத்தின் கூட்டுத்தொகையை மட்டுமே பார்த்துச் சந்தோசப்பட்டிருக்கிறேன்.

பிறகு அவர்களுடைய பக்கத்தை முதன்முதலாகத் திறந்தேன். எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும். அதைப் பார்க்க அவள்தான் இல்லை. செருப்புப் படம் அப்படியே இருந்தது. கழுவாத செருப்பு.

எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆட்களைப் பிடிப்பதில் என்னை வென்றவள், ஆட்களை விட்டுக்கொடுப்பதிலும் என்னை வென்றுவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறாள். 'திருப்பி அனுப்பமாட்டார்' என்ற வரியை எத்தனை தரம் வாசித்தேனோ, அத்தனை தரமும் அந்த ஓட்டோ திரும்பியது.

அடுத்த புதன்கிழமை சந்தியில் இறங்கி வலப்பக்கம் நடந்தேன். போனைக் கையில் பிடித்து, புதிதாக வருகிற ஆளைப் போல. நானூற்றுப் பதினாறு காலடி. ஒரு வளைவு, ஒரு புளியமரம், அந்தப் படி. வாங்கில் இருந்து பார்த்தேன். ஆடவில்லை. திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் தமிழில் எழுதினேன்: "புதன்கிழமை எங்கள் டொக்டர் இல்லை. சந்தியில் வலப்பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் இன்னொரு டொக்டர் இருக்கிறார். புளியமரத்துக்கு அடுத்த கேற். ஒரு படிதான், உயரம் குறைவு. முட்டுக்கு மருந்துப் புகை பிடிப்பார்கள்." அதற்கு அடுத்த வரி நம்பர் கொடுக்கிறவளைப் பற்றியது. அதை எழுத நான் பிந்திவிட்டேன். அங்கே இப்போது வேறு பிள்ளை.

ஆறு நாள் கழித்து டொக்டர் காரால் இறங்கும்போதே கேட்டார்.

"என்ன, புதன்கிழமையிலை நீர் ஆக்களை அங்காலை அனுப்புறீராம்?"

"ஓம் டொக்டர்."

"ஏன்?"

"அவையள்தான் முதல் அனுப்பினவை."

"எப்ப?"

"போன ஐப்பசியிலை இருந்து. பொங்கலுக்கு முன்னம் கூடுதலா வந்த ஆக்கள் எல்லாம் அவையள் அனுப்பின ஆக்கள். எங்கடை பக்கத்தை நான்தான் கெடுத்து வைச்சிருந்தனான்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அது உம்மடை வேலை இல்லை."

"இல்லை டொக்டர். அங்கை நம்பர் குடுத்தவவின்ரை வேலை." அவளுடைய பெயரைச் சொன்னேன். அந்தக் கிளினிக்கில் அந்தப் பெயர் என் வாயால் வந்தது அன்றுதான்.

அவர் உள்ளே போய்க் கதிரையில் இருந்து, கதவைத் திறந்தே வைத்துச் சொன்னார்:

"சரி, ஆக்களைக் கூப்பிடும். கனபேர் நிக்கினம்."

எண்ணினேன். பதினெட்டுப் பேர். அன்று செவ்வாய்க்கிழமை.